பி ட்ரைவில் வைத்த அப்பாவின் கடிதங்கள்

போன ஞாயித்துக்கிழமை லாஃப்ட்டைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கையில சிக்குச்சு. நாற்பது ஜிபி. இப்ப சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரியற பென்டிரைவை விட கொள்ளளவு கம்மி, எடை மட்டும் செங்கல் மாதிரி. தங்கமணி அதைப் பார்த்துட்டு, "கீழ பங்கார்வாலா நிக்கிறான், இதையும் சேர்த்துப் போட்டுடவா?"ன்னு கேட்டாங்க. பதறிப்போய்ப் பிடுங்கி வெச்சுக்கிட்டேன். அதுல எங்க அப்பா எனக்கு எழுதின 31 மெயில் இருக்கு. நியாயமா 140-க்கு மேல இருந்திருக்கணும். மீதி எங்க போச்சுங்கிறதுதான் இந்தக் கதை. கொஞ்சம் நீளமான கொசுவத்தி. நடுவுல பொட்டி தட்டுற சமாச்சாரமும் வரும், பொறுத்துக்குங்க :-)

அப்பா ஆர்.எம்.எஸ்.ல சார்ட்டரா இருந்தவர். அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். ராத்திரி பூரா ஓடற ரயில்ல நின்னுக்கிட்டே கடிதங்களை ஊர்வாரியாப் பிரிச்சு, பையில கட்டி, ஸ்டேஷன் ஸ்டேஷனா இறக்கற வேலை. 1999-ல மதுரையில ரிட்டையர் ஆனார். நான் 2001-ல புனே வந்தேன். (அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் 'பூனா'தான்.) போசரி பக்கம் ஒரு தொழிற்சாலையில சிஸ்டம் அட்மின் வேலை. எஸ்டிடி பேசினா மீட்டர் ஓடற ஓட்டத்துல மனசு விட்டுப் பேச முடியாது. அதனால அப்பா வாரம் ஒரு தடவை தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய், அரை மணி நேரம் உக்காந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டி மெயில் அனுப்புவார். "அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது"ன்னு இன்லேண்ட் லெட்டர் மாதிரியேதான் ஆரம்பிப்பார். அப்ப இலவச மெயில்ல ரெண்டு எம்பி, நாலு எம்பிதான் இடம். ஜிமெயில் 1 ஜிபி தர்றோம்னு வந்ததே 2004 ஏப்ரல் 1-ந் தேதி, அதையும் பாதிப் பேர் ஏப்ரல் ஃபூல்னுதான் நினைச்சாங்க. அதனால அப்பாவோட மெயில் எல்லாம் என் ஆபீஸ் ஐடிக்குத்தான் வரும். அங்கேதான் பிரச்சினையும் ஆரம்பிச்சுது.

ஆபீஸ் மெயில் எங்க சேமிக்கப்படுதுங்கிறதுக்கு ஒரு வரலாறு இருக்கு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல மைக்ரோசாப்ட் மெயில்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல மெயில் சர்வர்னு தனியா மூளை உள்ள ஆளே கிடையாது. ஒரு பைல் சர்வர்ல ஒரு போல்டர், அவ்வளவுதான். அந்த போல்டருக்குப் பேரே 'போஸ்ட் ஆபீஸ்'. ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியா அங்க போய்த் தானே பைலைத் திறந்து, தானே எழுதிட்டு வரும். கவுண்டர்ல ஆள் இல்லாத போஸ்ட் ஆபீஸ்ல ஜனங்களே உள்ள புகுந்து கடிதத்தை எடுத்துக்கிட்ட மாதிரி. ஆள் கூடக் கூட இது தாங்கல. 1996-ல எக்ஸ்சேஞ்ச் சர்வர் 4.0 வந்துச்சு. இதுல கவுண்டருக்குப் பின்னாடி ஆள் உண்டு. நம்ம கம்ப்யூட்டர் "அந்த மெயிலைக் குடு"ன்னு கேக்கும், சர்வர் தன்னோட டேட்டாபேஸ்ல தேடி எடுத்துக் குடுக்கும். நடுவுல நெட்வொர்க் அறுந்தாலும் டேட்டாபேஸ் சர்வர் கையில பத்திரமா இருக்கும்.

அதே காலத்துல இன்னொரு பிறவியும் வந்துச்சு. விண்டோஸ் 95-ல 'இன்பாக்ஸ்'னு ஒரு படம் டெஸ்க்டாப்ல இருக்குமே, ஞாபகம் இருக்கா? அது மெயிலை எல்லாம் ஒரே பைல்ல, நம்ம கம்ப்யூட்டர்லயே போட்டு வெச்சுக்கும். அந்தப் பைலோட கடைசிப் பேர் பிஎஸ்டி. 1997-ல வந்த அவுட்லுக் 97 அதை அப்படியே எடுத்துக்கிட்டுது. வீட்டுல மோடம் போட்டு மெயில் இறக்கறவங்க, லேப்டாப் தூக்கிக்கிட்டு அலையறவங்க, இவங்களுக்காகச் செஞ்சது இது. ஒரு ஆள், ஒரு மிஷின், அவரோட சொந்த டிஸ்க். சட்டைப்பை டைரி மாதிரி.

அந்த டைரி ஆபீஸுக்குள்ள எப்படி இவ்வளவு பெருசா நுழைஞ்சுது? இடப் பற்றாக்குறைதான். எக்ஸ்சேஞ்ச் 5.5, 2000, 2003 மூணுலயும் ஸ்டாண்டர்டு பதிப்புல மொத்த டேட்டாபேஸுக்கே 16 ஜிபிதான் உச்சவரம்பு. (2005-ல 2003-க்கு சர்வீஸ் பேக் 2 வந்தப்புறம்தான் 75 ஜிபி வரைக்கும் ஏத்திக்க முடிஞ்சுது.) எங்க கம்பெனியில 160 பேர். வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 100 எம்பி. கஸ்டமர் நாலு டிராயிங் அனுப்பினா பெட்டி ரொம்பிடும். அதனால எல்லா ஊர்லயும் எல்லா அட்மினும் சொன்னதையேதான் நானும் சொன்னேன்: "பழைய மெயிலை எல்லாம் பிஎஸ்டில ஆர்க்கைவ் பண்ணிக்குங்க." அவுட்லுக்ல அதுக்குன்னே ஆட்டோஆர்க்கைவ் வசதியும் இருந்துச்சு.

அடுத்த வருஷமே ரெண்டு பேரோட ஹார்ட் டிஸ்க் படுத்துச்சு. அதோட பிஎஸ்டியும் போச்சு. கம்ப்யூட்டர்களை யாரும் பேக்கப் எடுக்கறது இல்ல, டேப்ல போறது சர்வர் மட்டும்தான். மேனேஜர் கூப்பிட்டு ஒரு வழி பண்ணுன்னார். நானும் பண்ணேன். ஒரு லாகின் ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாருக்கும் சர்வர்ல ஒரு போல்டர் குடுத்து, அதை 'பி ட்ரைவ்'னு மாட்டிவிட்டு, எல்லார் பிஎஸ்டியையும் அங்க நகர்த்தினேன். இனிமே எல்லாம் சர்வர்ல, தினம் ராத்திரி டேப்ல. மேனேஜர் முதுகுல தட்டிக் குடுத்தார். நானும் பெரிய ஆணி புடுங்கிட்டதா நினைச்சு அன்னைக்கு வடா-பாவ் பார்ட்டி எல்லாம் வெச்சேன்.

இதைப் பண்ணாதீங்கன்னு மைக்ரோசாப்ட்டே தன்னோட உதவிக் கட்டுரையில எழுதி வெச்சிருந்துச்சுங்கிறது எனக்குத் தெரியாது. நான் படிக்கல.

ஏன் கூடாது? பிஎஸ்டி பார்க்க ஒரு பைல், உள்ள அது ஒரு குட்டி டேட்டாபேஸ். எந்த மெயில் எங்க இருக்குன்னு சொல்ற மரம் மாதிரியான அட்டவணை, எந்த இடம் காலி, எந்த இடம் நிரம்பினதுன்னு சொல்ற வரைபடம், அப்புறம் மெயில் துண்டுகள். ஒரு மெயிலைத் திறந்தாலே இதுல பல இடங்களைத் தொட்டுத் தொட்டுப் படிக்கணும். 'படிச்சாச்சு'ன்னு குறிச்சு வைக்க எழுதவும் செய்யணும். சொந்த டிஸ்க்ல இது தெரியாது. நெட்வொர்க்ல ஒவ்வொரு தொடலும் ஒரு போக்குவரத்து. ஆயிரம் தடவை போய் வரணும்னா, ஆபீஸுக்குள்ள தடவைக்கு ஒரு மில்லிசெகண்டு, மொத்தம் ஒரு செகண்டு. லீஸ்டு லைன்ல இருக்கற பிராஞ்சுக்குத் தடவைக்கு 40 மில்லிசெகண்டுன்னா அதே வேலைக்கு 40 செகண்டு. எங்க நாக்பூர் பிராஞ்சுல மெயிலைக் கிளிக் பண்ணிட்டு சாய் குடிச்சுட்டு வருவாங்க.

மெதுவா இருந்தாக்கூட பரவாயில்ல. எழுதும்போது பாதியில கேபிள் அசைஞ்சா அட்டவணை புதுசு, வரைபடம் பழசுன்னு ஆயிடும். எக்ஸ்சேஞ்ச்ல டேட்டாபேஸைக் காவல் காக்க சர்வர் இருக்கு. பி ட்ரைவ்ல இருக்கற பிஎஸ்டிக்குக் காவல் யாரும் இல்ல. சர்வருக்கு அது வெறும் பைல். அதாவது கவுண்டர்ல ஆள் இல்லாத அந்தப் பழைய போஸ்ட் ஆபீஸையே நான் திரும்பக் கட்டி வெச்சுட்டேன்.

சர்வர் மேலயும் அடி விழுந்துச்சு. நூத்துச்சொச்சம் பேர் காலையில ஒன்பதரைக்கு அவுட்லுக்கைத் திறந்து, சாயங்காலம் வரைக்கும் அந்தப் பைல்களைப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003-ல கர்னலுக்குன்னு ஒதுக்கின 'பேஜ்டு பூல்' மெமரி அளவானது. அது காலியானா ஈவென்ட் லாக்ல 2020-ன்னு ஒரு எண் வரும். பூல் தீர்ந்துபோச்சு, குடுக்க ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ரேம் பாட்டுக்கு நிறைய இருக்கும், சர்வர் மட்டும் யாருக்கும் பதில் சொல்லாம உக்காந்திருக்கும். திங்கக்கிழமைக் காலையில இந்த 2020-ஐப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த எண் மேலயே வெறுப்பு வந்துடுச்சு. (2020-ம் வருஷம் வந்தப்ப நான் ஆச்சரியப்படவே இல்ல!)

இதுல பெரிய கூத்து பேக்கப். அவுட்லுக் திறந்திருந்தா பிஎஸ்டி பூட்டப்பட்டிருக்கும். பல பேர் மானிட்டரை மட்டும் அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. ராத்திரி டேப் ஓடும்போது "பைல் உபயோகத்தில் இருக்கு"ன்னு அதைத் தாண்டிப் போயிடும். மூடியிருந்தா இன்னொரு வகை இம்சை. ஒரே ஒரு மெயில் உள்ள வந்திருந்தாலும் பைல் மாறிடுச்சுன்னு அர்த்தம், ஒன்றரை ஜிபியும் முழுசா மறுபடி டேப்ல ஏறும். பேக்கப்புக்காக சர்வருக்குக் கொண்டுவந்த பைல்கள், பேக்கப் ஆகாம இருந்துச்சு.

அப்ப நான் தினம் பண்ணின வைத்தியத்தைச் சொல்லிடறேன். அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு மேடம் போன் பண்ணுவாங்க, "மேரா பூரா மெயில் கஹா(ன்) கயா?" முதல்ல அவுட்லுக்கை மூடச் சொல்லி, டாஸ்க் மேனேஜர்ல அது நிஜமாவே செத்துடுச்சான்னு பார்க்கணும். ஜன்னல் மூடினாலும் ஆள் உள்ள இருப்பார். அப்புறம் சர்வர்ல திறந்திருக்கற பைல் பட்டியலைப் பார்த்து வேற யாராவது அதைப் பிடிச்சிருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணும். ஒரு பிஎஸ்டியை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் திறக்க முடியும். அப்புறம் பைலை உள்ளூர் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணி, காப்பி மேலதான் ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டணும். அது அவுட்லுக் கூடவே வர்ற ரிப்பேர் கருவி. ஒரு தடவை பத்தாது, தப்பு இல்லைன்னு சொல்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. உடைஞ்சதுல மிஞ்சினதை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'னு ஒரு போல்டர்ல கொட்டும். திருவிழாவுல காணாமப் போன பிள்ளைகளை உக்கார வெச்சிருக்கற பந்தல் மாதிரி.

இதுக்கு மேல 2 ஜிபி கண்டம். பழைய வகை பிஎஸ்டிக்கு உச்சவரம்பு 2 ஜிபி. பழைய அவுட்லுக் அதைத் தாண்டும்போது ஒழுங்கா எச்சரிக்கை கூடக் குடுக்காது. தாண்டினா திறக்காது. அதுக்கு மைக்ரோசாப்ட் குடுத்த மருந்து, பைலோட வாலை வெட்டற ஒரு கருவி. எத்தனை எம்பி வெட்டணும்னு நாமதான் சொல்லணும். வெட்டுப்பட்டதுல எந்த மெயில் இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. 2003-ல வந்த அவுட்லுக்லதான் யூனிகோட் பிஎஸ்டி வந்து வரம்பு 20 ஜிபி ஆச்சு, 2010-ல 50. ஆனா அவுட்லுக்கை மாத்தினாலும் பழைய பைல் தானா மாறாது. புதுசு உருவாக்கி மெயிலை நாமதான் நகர்த்தணும். நம்ம ஆளுங்களுக்கு இது இன்னொரு வகையில வலிச்சுது. எங்க சித்தப்பா பையன் இ-கலப்பை போட்டுக்கிட்டு ஆசையா தமிழ்லயே தலைப்பு அடிச்சு அனுப்பின மெயில் எல்லாம் என் பழைய பிஎஸ்டிக்குள்ள போனதும் தலைப்பு வெறும் '??????' ஆயிடும்.

இப்ப என் பைலோட கதை. 2006 பிப்ரவரி, ஒரு புதன்கிழமை சாயங்காலம். எங்க பேட்டைக்கு வியாழக்கிழமை வார லீவு. கிளம்பற அவசரத்துல என் பிஎஸ்டியே திறக்கல. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறவன், எனக்கு மட்டும் பத்தியம் வேண்டாம்னு நினைச்சேன். லேப்டாப்ல இடம் இல்ல, அதனால உள்ளூருக்குக் காப்பி பண்ணாம பி ட்ரைவ்ல இருந்தபடியே ஸ்கேன்பிஎஸ்டியை ஓட்டினேன். ரிப்பேருக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துக்கவான்னு அது கேக்கும், ஒரு டிக் பெட்டி. நேரம் ஆகும்னு அந்த டிக்கையும் எடுத்துட்டேன். பாதியில கரண்ட் போச்சு. அப்ப மகாராஷ்டிராவுல லோட்ஷெட்டிங் காலம். லேப்டாப்ல பேட்டரி இருந்துச்சு, சர்வருக்கு யுபிஎஸ் இருந்துச்சு. நடுவுல இருந்த மாடி ஸ்விட்சுக்கு எதுவும் இல்ல. டேப்பைப் போய்ப் பார்த்தா, நாலு மாசமா என் பைல் தாண்டப்பட்டிருக்கு. ராத்திரியெல்லாம் அவுட்லுக்கைத் திறந்து வெச்சுட்டுப் போனவங்க லிஸ்ட்ல முதல் ஆள் நான்தான். நாலு மாசத்துக்கு முந்தின டேப்பையும் சுழற்சியில மேல எழுதியாச்சு. ரெண்டு நாள் போராடி 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'ல இருந்து அப்பாவோட மெயில் 31 தேறுச்சு. சிலதுல தேதி இல்ல, சிலதுல பாதிதான்.

அந்த மே மாசம் அப்பாவும் அம்மாவும் புனே வந்தாங்க. ஒரு நாள் ராத்திரி பால்கனியில உக்காந்து விஷயத்தைச் சொன்னேன். கோபிச்சுக்குவார்னு நினைச்சேன். "நீ எப்படிப்பா வெச்சிருந்த?"ன்னு தொழில்முறையில கேட்டார். பி ட்ரைவ் கதையை விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னார்: "பையைக் கட்டி, லேபிள் போட்டு, சீல் வெச்சப்புறம்தான்டா நாங்க கைமாத்துவோம். வாங்கறவன் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவான். வாய் திறந்த பையை ஓடற வண்டியில இருந்து யாராவது நீட்டுவாங்களா? பாதி பிளாட்பாரத்துலதான் விழும்."

நான் படிக்காம விட்ட அந்த மைக்ரோசாப்ட் கட்டுரையோட சாரமும் இதேதான். திறந்திருக்கற பிஎஸ்டி வாய் திறந்த பை. அது இருக்க வேண்டிய இடம், வேலை பார்க்கறவர் கைக்குப் பக்கத்துல, அவரோட சொந்த டிஸ்க்ல. மூடினப்புறம் எடுக்கற காப்பி கட்டின பை. அதை சர்வர், டேப்னு எங்க வேணா அனுப்பலாம். நான் காப்பியை அனுப்பாம பையையே அனுப்பிட்டேன். அடுத்த மாசமே ஸ்கிரிப்டை மாத்தினேன். பிஎஸ்டி எல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டருக்கே திரும்பப் போச்சு, அவுட்லுக் மூடினப்புறம் காப்பி மட்டும் சர்வருக்கு வரும். 2020 வர்றது நின்னுபோச்சு.

உலகமும் இதுக்குள்ள வேற காரணத்தால மாறிக்கிட்டு இருந்துச்சு. 2001 டிசம்பர்ல அமெரிக்காவுல என்ரான் திவாலாச்சு (மகாராஷ்டிராக்காரங்களுக்கு தாபோல் என்ரான் மறக்காது). விசாரணை பண்ணின அமைப்பு 2003-ல அந்தக் கம்பெனியோட மெயில்களைப் பொதுவுல வெளியிட்டுது. ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கும் பயன்படுத்தற தொகுப்புல மட்டும் சுமார் 150 பேரோட 5 லட்சம் மெயில். மெயில்னா சாட்சிங்கிறது எல்லாருக்கும் உறைச்சுது. 2006 டிசம்பர்ல அமெரிக்க சிவில் நடைமுறை விதிகள்ல மின்னணு ஆவணங்களும் வந்துச்சு. நூறு கம்ப்யூட்டர்ல சிதறிக் கிடக்கற பிஎஸ்டிகளைத் தேடறது வக்கீல்களுக்குத் தலைவலி. அதனால 2009-ல வந்த எக்ஸ்சேஞ்ச் 2010-ல ஆர்க்கைவ் பெட்டியையே சர்வருக்குள்ள வெச்சாங்க. 2010-ல பிஎஸ்டியோட உள்ளமைப்பை எல்லாரும் படிக்கற மாதிரி வெளியிட்டாங்க. 2012-ல சிதறின பிஎஸ்டிகளைத் தேடி உள்ள இழுக்க ஒரு கருவியும் குடுத்தாங்க. நெட்வொர்க்ல வைக்கறதுக்கு ஒரு சின்ன விலக்கும் வந்துச்சு: அவுட்லுக்கே சர்வர் பக்கத்துல, ரிமோட் டெஸ்க்டாப்ல ஓடினா, லைன் வேகமா இருந்தா, ஒரு பைலுக்கு ஒரு ஆள்னா சரி. 2024-ல பொது வெளியீடா வந்த புது அவுட்லுக்ல ஆரம்பத்துல பிஎஸ்டியைத் திறக்க வழியே இல்லாம இருந்துச்சு. ஒரு காலத்துல ஆபீஸ் பூரா அதுக்குள்ளதான் இருந்துச்சு.

அப்பா 2008-ல போயிட்டார். காரியம் எல்லாம் முடிஞ்ச ஒரு ராத்திரி, அந்த மெயில் எல்லாம் போயிடுச்சேன்னு அம்மாகிட்ட புலம்பினேன். அம்மா சாதாரணமா, "அதான் நோட்டுல எழுதி வெச்சிருக்காரே, பரண்ல பாரு"ன்னாங்க. பிரவுசிங் சென்டர்ல அரை மணிக்குப் பத்து ரூபாய். அங்க உக்காந்து யோசிச்சா காசு வீண்னு, அப்பா வீட்டுலயே தமிழ்ல முழுக் கடிதத்தையும் எழுதி எடுத்துக்கிட்டுப் போய், அதைப் பார்த்துத்தான் தட்டியிருக்கார். மூணு நோட்டு. ஒவ்வொரு கடிதத்துக்கும் மேல தேதி, கீழ 'அனுப்பியாச்சு'ன்னு டிக். ஒரு நோட்டைக் கரையான் தின்னுடுச்சு. ரெண்டு தப்பிச்சுது. காகிதமும் அமரம் இல்ல. ஆனா ஒரே கடிதம் ரெண்டு இடத்துல இருந்ததாலதான் எனக்கு இவ்வளவாவது கிடைச்சுது.

அந்த நோட்டுகளை ஸ்கேன் பண்ணி, ஒரு காப்பி இங்க, ஒண்ணு மதுரையில தங்கச்சி வீட்டுல, ஒண்ணு கிளவுட்ல வெச்சிருக்கேன். எங்க பொண்ணு புனேயிலயே பிறந்து வளர்ந்தவ. மராத்தி, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் சரளம், தமிழ் பேசுவா, படிக்கறது எழுத்துக்கூட்டித்தான். தாத்தாவோட 31 மெயிலை இங்கிலீஷ் எழுத்துல இருக்கறதால கடகடன்னு படிச்சுடுவா. நோட்டுல ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். "தாத்தா 'ழ'வை ஏன் இப்படிச் சுழிக்கறார்?"னு கேட்டுக் கேட்டுப் படிக்கறா. அவசரம் ஒண்ணும் இல்ல, படிக்கட்டும்.

உங்க வீட்டுலயும் பழைய ஆபீஸ் மெயில், ஊர்ல இருந்து வந்த கடிதம், போட்டோ எல்லாம் ஏதாவது பழைய பிஎஸ்டில தூங்கிக்கிட்டு இருக்கலாம். திறக்கற அவுட்லுக் கைவசம் இருக்கும்போதே வெளிய எடுத்து வைங்க. எடுக்கும்போது முதல்ல மூடுங்க, அப்புறம் காப்பி பண்ணுங்க, காப்பி திறக்குதான்னு பாருங்க. கிளவுட்ல தானா ஒத்திசைக்கற போல்டருக்குள்ள உயிரோட இருக்கற பிஎஸ்டியைப் போடாதீங்க, அதுவும் பி ட்ரைவோட தம்பிதான். ரிப்பேர் பண்றதுக்கு முன்னாடி காப்பி எடுக்கவான்னு எது கேட்டாலும், எவ்வளவு அவசரமா இருந்தாலும், அந்த டிக்கை மட்டும் எடுத்துடாதீங்க.

ஹார்ட் டிஸ்க் மறுபடி லாஃப்ட்டுக்குப் போயிடுச்சு. மேல மார்க்கர்ல 'அப்பா - 31'னு எழுதி வெச்சிருக்கேன், அடுத்த தடவை பங்கார்வாலா வர்றப்ப குழப்பம் வேணாம்னு.